பழைய எம்.ஜி.பி. என்ஜினை விற்றுக் கொடுத்த பட்டறை: என் மதிப்பீடு

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறக்கிய 1798 சி.சி. என்ஜின் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் ஓர் இடைத்தரகுப் பட்டறை மூலம் விற்றேன். பழைய கார்களின் என்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய பாகங்களைத் தாமே விலை கொடுத்து வாங்காமல், உரிமையாளரின் சார்பில் பரிசோதித்து, விளம்பரம் எழுதி, வாங்குபவரைத் தேடிப் பிடித்து, பணத்தை நடுவில் வைத்திருந்து, பொருளைக் கட்டி அனுப்பி, அதற்குக் கூலியாக ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் பட்டறை அது. பரிசோதனையை அவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார்கள். விளம்பரத்தை முதலில் தவறாக எழுதி, எடுத்துச் சொன்ன பிறகு திருத்தினார்கள். கட்டி அனுப்பியதில் அவர்களுடைய அனுபவத்துக்குச் சற்றும் பொருந்தாத பிழை ஒன்றைச் செய்தார்கள். பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இத்தகைய சேவையை நாடும் எவரும் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்னிடம் இரண்டு என்ஜின்கள் இருந்ததற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கார் 1966இல் செய்யப்பட்டது. அதற்குத் தொழிற்சாலையில் பூட்டப்பட்டது 18ஜிபி வகை என்ஜின், அதாவது 1964 அக்டோபரில், கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்குகளுக்குப் பதிலாக ஐந்து மெயின் பேரிங்குகளுடன் வந்த என்ஜின். நான் காரை வாங்கியபோது அந்த என்ஜின் பிரித்த நிலையில் பெட்டிகளில் கிடந்தது. காரில் 1971க்குப் பிறகு வந்த 18வி வகை என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் அது. இரண்டும் ஒரே பி சீரிஸ் குடும்பம், 80.26 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கொண்ட வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த என்ஜினின் உடல்) என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனாலும் தன்னோடு பிறந்த என்ஜின் பக்கத்திலேயே கிடக்க, கார் வேறொன்றைச் சுமந்துகொண்டு ஓடுவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இரண்டு ஆண்டுகள் செலவழித்து 18ஜிபி என்ஜினைப் புதுப்பித்த பிறகு, 18வி என்ஜினுக்கு ஒரு நல்ல இடம் தேட வேண்டியதாயிற்று.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட கார். மூடிய கூரை கொண்ட ஜி.டி. வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. ஆகவே அதன் என்ஜின் அரிய பொருள் அல்ல. அதற்கு முன் வந்த எம்.ஜி.ஏ. ட்வின் கேம் காரில் மொத்தம் 2,111 மட்டுமே செய்யப்பட்டன என்பதால் அதன் என்ஜின் உடைந்து கிடந்தாலும் போட்டி போட்டு வாங்குவார்கள். எம்.ஜி.பி. என்ஜினை அப்படி வாங்க மாட்டார்கள். அது எந்த நிலையில் இருக்கிறது, அந்த நிலைக்கு என்ன ஆதாரம் என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் அதன் விலையைத் தீர்மானிக்கிறது. தரையில் கிடக்கும் என்ஜின் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. இந்த உண்மையை முழுமையாக உணர்ந்தவர்கள் என்பதுதான் நான் இந்தப் பட்டறையைப் பாராட்டுவதற்கு முதல் காரணம்.

நான் தொலைபேசியில் பேசியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, என்ஜின் இன்னும் காரில் இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றேன். நாங்கள் வந்து பார்க்கும் வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள் என்றார்கள். என்ஜினை இறக்கிச் சுத்தம் செய்து, வண்ணம் பூசி, பளபளப்பாகப் படம் எடுத்து விளம்பரம் செய்வதே பெரும்பாலோரின் வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் காரில் இருக்கும்போதுதான் என்ஜினுக்கு பேட்டரி, ரேடியேட்டர், ஸ்டார்ட்டர், ஆயில் பிரஷர் கேஜ் எல்லாம் உண்டு. குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது, பாரம் ஏறும்போது புகை வருகிறதா என்பவற்றை அப்போது மட்டுமே பார்க்க முடியும். இறக்கிய பிறகு இதே சான்றுகளைத் திரட்ட வேண்டுமானால் தனி ஸ்டாண்டில் ஏற்றி ஓட்ட வேண்டும். அதற்குத் தேவைப்படும் உழைப்பை ஒரு சாதாரண என்ஜினுக்கு யாரும் செலவழிக்க மாட்டார்கள்.

பரிசோதகராக வந்தவர் மிகுந்த நிதானம் உள்ள ஒரு பெண்மணி. கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவர் செய்த வேலை எண்களைக் குறித்துக்கொண்டதுதான். எம்.ஜி.பி. என்ஜினின் எண், பிளாக்கின் வலப்பக்கத்தில் சிறு ரிவெட்டுகளால் பொருத்திய தகட்டில் இருக்கும். அதில் 18வி என்ற தொடக்கமும், வகையைக் குறிக்கும் எண்ணும், உயர் கம்ப்ரஷனுக்கு (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் அளவு) எச், குறைந்த கம்ப்ரஷனுக்கு எல் என்ற எழுத்தும், பிறகு வரிசை எண்ணும் இருக்கும். என்னுடையதில் எச் இருந்தது. தொழிற்சாலையில் பொருத்தியபடியே இருந்தால் கம்ப்ரஷன் விகிதம் ஏறத்தாழ 9க்கு 1 என்று பொருள். ஆனால் தகடு பிளாக்கில் வார்க்கப்பட்டதல்ல. கழற்றி வேறொன்றில் பூட்டக்கூடியது. ஆகவே தகட்டோடு நிறுத்தாமல், பிளாக்கின் மேல் அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட்டில் வார்த்திருந்த எண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் படித்தார். 12எச்2923 என்று இருந்தது. தொடக்க கால 18வி என்ஜின்களில் 1.625 அங்குல இன்லெட் வால்வுகளுடன் வந்த ஹெட் அது. அதற்கு முந்தைய ஹெட்களில் 1.565 அங்குலம். தகடும் ஹெட்டும் ஒரே காலத்தைச் சொல்கின்றன என்று எழுதிக்கொண்டார். ஒரு விற்பனை அறிக்கை இப்படித் தொடங்குவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்தார். முந்தைய இரவே காரைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் முற்றிலும் குளிர்ந்த நிலையில் அதைக் காணொளியாகப் பதிவு செய்ய முடிந்தது. ஆயில் பிரஷர் கேஜை ஒரு கைப்பேசியும், எக்ஸாஸ்ட் குழாயை மற்றொன்றும் பார்த்துக்கொண்டிருந்தன. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்ததும் ஐடிலில் (வேகம் கொடுக்காத நிலையில்) 22 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் 60 பி.எஸ்.ஐ. காட்டியது. சூடான பி சீரிஸ் என்ஜினுக்கு இது நல்ல அளவு. மெயின் பேரிங்குகளும் பிக் எண்ட் பேரிங்குகளும் தேய்ந்திருந்தால் ஐடிலில் முள் இதைவிடக் கீழே படுத்திருக்கும். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் உறையை வெட்டி, உள்ளிருந்த மடிப்புக் காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேரிங் உலோகம் உதிர்ந்திருந்தால் அந்த மடிப்புகளில் மின்னும் துகள்கள் தங்கியிருக்கும். எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தையும் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தார்.

கம்ப்ரஷன் சோதனையையும் முறைப்படி செய்தார்: என்ஜின் சூடாக, நான்கு பிளக்குகளும் கழற்றப்பட்டு, த்ராட்டில் முழுவதும் திறந்து, பேட்டரி முழுச் சார்ஜில். முதல் சிலிண்டரில் 158, இரண்டாவதில் 155, நான்காவதில் 157 பி.எஸ்.ஐ.; மூன்றாவதில் மட்டும் 138. எனக்கு முகம் விழுந்துவிட்டது. சிறிது ஆயிலை மூன்றாவது சிலிண்டருக்குள் ஊற்றி மறுபடியும் அளந்தார். 141 வந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஊற்றிய ஆயில் இடைவெளியை அடைத்து அளவைக் கணிசமாக உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்றால் கசிவு மேலே, வால்வில் இருக்கிறது என்று விளக்கினார். அடுத்து லீக் டவுன் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்திவிட்டு, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு காற்று தப்புகிறது என்று அளக்கும் முறை இது. எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதைக் காட்டுவதுதான் இதன் பெருமை. காற்று கார்பரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். மற்ற மூன்று சிலிண்டர்களும் 8, 9 சதவீதம் கசிய, மூன்றாவது 19 சதவீதம் கசிந்தது; சத்தம் எக்ஸாஸ்ட் குழாயின் முனையில் தெளிவாகக் கேட்டது.

இந்த என்ஜினின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பல்ல. பி சீரிஸ் ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; நான்கு சிலிண்டர்களுக்கு எக்ஸாஸ்ட் வழிகள் மூன்றே. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் தனித்தனி வழி. இரண்டாவதும் மூன்றாவதும் நடுவில் உள்ள ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெப்பம் குவியும் இடம் அது. மேலும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் வடிவமைத்த ஹெட் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடம் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது; தனி வளையம் கிடையாது. ஈயமில்லாத பெட்ரோலில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் அந்த இடம் மெல்ல அரிக்கப்பட்டு, வால்வு உள்வாங்கி, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுவதும் மூடாமல் விளிம்பு கருகும். வேறொரு சாத்தியமும் உண்டு: நடு சிலிண்டர்களில் இரண்டு வால்வுகளுக்கு இடையே ஹெட் விரிசல் விடுவது. ரேடியேட்டர் நீரில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நிறம் மாறும் திரவத்தைக் கொண்டும் சோதித்தார், நிறம் மாறவில்லை. விரிசல் நீர்ப்பாதை வரை போகவில்லை என்பது மட்டுமே இதனால் உறுதி. ஹெட்டைக் கழற்றினாலன்றி மீதியைச் சொல்ல முடியாது என்று அவர் தயங்காமல் சொன்னார்.

இப்போது ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு விற்பதா, இருப்பதை இருக்கிறபடி சொல்லி விற்பதா என்ற கேள்வி வந்தது. அன்று மாலை இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். என் முதல் எண்ணம் சரிசெய்துவிட வேண்டும் என்பதே. குறையுள்ள பொருளை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது என்று எண்ணினேன். அவர் மறுபக்கத்தை எடுத்துக் காட்டினார். பழைய என்ஜினை வாங்குபவர் பெரும்பாலும் அதைத் தானே திறந்து பார்க்கப்போகிறவர். கடினமான சீட் வளையங்களைப் பதிப்பதா, எந்த வால்வு கைடு, எந்தக் கேம் ஷாஃப்ட் என்ற தெரிவுகள் அவருடையவை. விற்பதற்கு முன் அவசரமாகச் செய்த பழுதுபார்ப்பை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குச் செலவழித்தது விலையில் திரும்பி வராது. எல்லாவற்றையும்விட, சூடான நிலையில் எடுத்த அத்தனை அளவுகளும் ஹெட்டைத் திறந்தவுடன் பழைய கதையாகிவிடும். குறையை எண்ணோடு சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து வைப்பதுதான் இருவருக்கும் நேர்மையானது என்றார். பட்டறையின் பங்கு விற்பனை விலையின் சதவீதம் என்பதால், விலையைக் குறைக்கச் சொல்வது பட்டறைக்கே இழப்பு. அப்படியிருந்தும் சொன்னார். அந்த மாலைக்குப் பிறகு எனக்கு அவர்மீது இருந்த நம்பிக்கை கடைசி வரை குறையவில்லை.

இத்தனை கவனத்தோடு எழுதப்பட்ட அறிக்கை, பட்டறையில் விளம்பரம் எழுதுபவரின் கைக்குப் போனதும் உருமாறிப்போனது வருத்தத்துக்குரியது. எனக்கு ஒப்புதலுக்காக வந்த முதல் வரைவில் இரண்டு வாக்கியங்கள் தவறு. "குறைவாக ஓடிய என்ஜின்" என்பது ஒன்று. ஐம்பது ஆண்டுகள் கடந்த, ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு மாறிய என்ஜின் எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. ஓடோமீட்டர் காருக்கு உரியது, என்ஜினுக்கு உரியது அல்ல. "எல்லா எம்.ஜி.பி. கார்களுக்கும் அப்படியே பொருந்தும்" என்பது இரண்டாவது. இது வாங்குபவரை நேரடியாகத் துன்பத்தில் தள்ளியிருக்கும். 1967 இறுதியில் மார்க் 2 வந்தபோது நான்கு கியர்களிலும் சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸும், புதிய வகை ஸ்டார்ட்டரும் வந்தன. அவற்றுக்கேற்ப, என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் பின் தகடும், ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரமும் மாறின. என் 18வி என்ஜினை 1966ஆம் ஆண்டுக் காரில் பொருத்துவதற்காக முந்தைய உரிமையாளர் பழைய பின் தகட்டையும் பழைய ஃப்ளைவீலையும் அதில் பூட்டியிருந்தார். அவை இரண்டும் என் 18ஜிபி என்ஜினுக்கே திரும்பப் போய்விட்டன. ஆகவே விற்பனைக்கு வரும் என்ஜினில் பின் தகடும் இல்லை, ஃப்ளைவீலும் இல்லை. வாங்குபவர் தம் கியர்பாக்ஸுக்கு ஏற்ற பின் தகடு, ஃப்ளைவீல், ஸ்பிகாட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் சிறு வளையம்) ஆகியவற்றைத் தாமே தேட வேண்டும். பரிசோதகரின் அறிக்கையில் இது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. விளம்பரம் எழுதியவர் அதைப் படிக்கவில்லை.

நான் இரண்டு முறை எழுதி, மூன்று நாள் கழித்துத்தான் திருத்தம் வந்தது. திருத்திய விளம்பரம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: எண்கள் முதலில், குறை இரண்டாவதாக, எது சேரும் எது சேராது என்பது மூன்றாவதாக. பிளாக், ஹெட், ராக்கர் கவர், ஆயில் தொட்டியான சம்ப், வாட்டர் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை சேரும்; எஸ்.யு. எச்.எஸ்.4 கார்பரேட்டர்கள் இரண்டும், ஆல்டர்னேட்டரும், கிளட்ச்சும் சேரா. ஆனாலும் ஒரு பட்டறையில் அளப்பவரும் எழுதுபவரும் வேறு வேறாக இருந்தால், அளந்தவர் படித்து ஒப்பாமல் எதுவும் வெளியே போகக்கூடாது. என்னைப்போல் அல்லாமல், கியர்பாக்ஸின் வரலாறு தெரியாத ஒருவர் அந்த வரைவுக்குச் சரி என்று சொல்லியிருப்பார்.

விசாரித்தவர்களை அவர்கள் கையாண்ட விதத்தில் குறை காண முடியவில்லை. உங்கள் கார் எந்த ஆண்டு, எந்தக் கியர்பாக்ஸ் என்று கேட்டுவிட்டே விலைப் பேச்சுக்குப் போனார்கள். ஒருவர் என்ஜின் வேண்டாம், எண் தகட்டை மட்டும் கழற்றிக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்று கேட்டாராம். வேறொரு பிளாக்கில் அதைப் பூட்டி, தொழிற்சாலை என்ஜினோடு இருக்கும் கார் என்று காட்டி விற்பதைத் தவிர அந்தத் தகட்டுக்கு வேறு பயன் கிடையாது. பட்டறை அந்த நொடியே மறுத்துவிட்டு எனக்கும் தெரிவித்தது. பழைய பிரிட்டிஷ் கார்களைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து வழங்கும் சான்றிதழில் அந்தக் காருக்குத் தொழிற்சாலையில் பொருத்திய என்ஜினின் எண் இருக்கும். என் 18ஜிபி இந்தக் காருடையதுதான் என்று நான் உறுதி செய்துகொண்டதும் அப்படித்தான். தகடுகள் கள்ளத்தனமாகக் கைமாறும்போது அந்தச் சான்றிதழின் பயனே கெட்டுப்போகிறது. அதனால் இந்த மறுப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பணப் பொறுப்பிலும் ஒழுங்கு இருந்தது. பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். அது விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். விற்றால் விலையில் 12 சதவீதம். வாங்குபவரின் பணம் பட்டறையிடம் இருக்கும். என்ஜின் போய்ச் சேர்ந்து ஏழு நாள் கழித்து, அறிக்கைக்கு மாறாக எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகே எனக்கு வரும். பரிசோதனைக் கட்டணத்தைத் தனியாக வாங்குவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது சரியாகவே படுகிறது. அளப்பவரின் கூலி விற்பனையைச் சார்ந்து இல்லாதபோதுதான் 138 என்பதை 138 என்றே எழுத முடியும்.

இனி அந்தப் பிழையைப் பற்றி. இந்த என்ஜின் 150 கிலோவுக்கும் மேல் எடை உள்ளது. அதன் அடியில் இருக்கும் சம்ப், இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த மெல்லிய தொட்டி. ஆயிலைத் தாங்கத்தான் அது போதும், என்ஜினைத் தாங்க அல்ல. ஆகவே அனுப்பும்போது பக்கவாட்டு மவுண்டுகளையும் பின் முகத்து போல்ட் துளைகளையும் மரச்சட்டத்தில் இறுக்கி, சம்ப் எதன்மீதும் படாமல் தொங்கும்படி கட்ட வேண்டும். எனக்கு அனுப்பிய படத்தில் ஆயிலும் நீரும் வடிக்கப்பட்டிருந்தன. போர்ட்டுகள் ஒட்டுநாடாவால் மூடப்பட்டு, பிளக்குகள் இடத்தில் இருந்தன. சிலிண்டர்களுக்குள் துருப்பிடிக்காதபடி ஆயில் தெளிக்கப்பட்டிருந்தது. எல்லாம் சரி என்று நினைத்தேன். சட்டத்தின் நடுவே ஒரு குறுக்குக் கட்டை சம்ப்பின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. பின் தகடு இல்லாததால் பின்பக்கத்தைச் சட்டத்தோடு பிணைக்க எளிய வழி இல்லாமல், கட்டியவர் அந்தக் கட்டையை முட்டாகக் கொடுத்திருக்கிறார். லாரியின் ஒவ்வொரு குலுக்கலிலும் என்ஜினின் பின்பாதி எடை அந்தத் தகட்டின்மேல் இறங்கியது.

போய்ச் சேர்ந்தபோது சம்ப் ஒரு விரல் ஆழத்துக்கு உள்ளே ஒடுங்கியிருந்தது. பார்ப்பதற்குச் சிறிய ஒடுக்கு. ஆனால் அதற்கு நேர் மேலேதான் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலை இருக்கிறது. தகடு வலையை ஒட்டி மேலே வந்துவிட்டால் ஆயில் உள்ளே போகும் இடைவெளி குறுகிவிடும். ஐடிலில் பிரஷர் சரியாகக் காட்டி, வேகம் ஏறும்போது பேரிங்குகள் வறண்டுவிட வாய்ப்பு உண்டு. நான் அத்தனை அக்கறையோடு அளந்து பாதுகாத்த பேரிங்குகளை, வழியில் வைத்த ஒரு மரக்கட்டை அழித்திருக்கும். வாங்கியவர் விவரம் அறிந்தவர். என்ஜினைச் சட்டத்திலிருந்து தூக்குவதற்கு முன்பே கீழே குனிந்து பார்த்து, படம் எடுத்து அனுப்பிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது.

பட்டறை மறுத்துப் பேசவில்லை. லாரிக்காரர்மீது பழி போடவும் இல்லை. கட்டியது எங்கள் தவறு என்று அன்றே எழுத்தில் ஒப்புக்கொண்டு, நல்ல நிலையில் உள்ள வேறொரு சம்ப்பையும் புதிய கேஸ்கெட்டுகளையும் தங்கள் செலவில் அனுப்பி, மாற்றுவதற்கு ஆன கூலியையும் வாங்கியவருக்குக் கொடுத்தார்கள். சம்ப்பைக் கழற்றியபோது உறிஞ்சும் குழாய் வளையவில்லை என்பதையும் அவரிடமிருந்து படமாகக் கேட்டு வாங்கி அறிக்கையோடு சேர்த்தார்கள். என் பங்கில் ஒரு காசும் குறையவில்லை. பிழைக்குப் பின் நடந்துகொண்ட முறைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். பிழைக்கு அல்ல. என்ஜின் விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சம்ப்பின்மேல் எடையை ஏற்றுவது, கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைப் படுக்க வைத்து அடுக்குவதைப் போன்றது.

இந்தப் பட்டறையையோ இதைப்போன்ற வேறொன்றையோ நாடுபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வேண்டுகோள்கள் உண்டு. என்ஜின் காரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களைக் கூப்பிடுங்கள். இறக்கிய பிறகு போனால் அவர்களின் சிறந்த பணி உங்களுக்குக் கிடைக்காது. பரிசோதனை அறிக்கையின் படியை விளம்பரம் எழுதப்படுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்; விளம்பரத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அறிக்கையில் ஆதாரம் இருக்கிறதா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டிய பிறகு நான்கு பக்கங்களிலிருந்து மட்டும் அல்லாமல் அடியிலிருந்தும் ஒரு படம் கேளுங்கள். பிளாக் வெறுமையாக இருப்பவர்களுக்கும், பிஸ்டன் இறுகி என்ஜின் சுழலாமல் நின்றுவிட்டவர்களுக்கும் இந்தச் சேவை பயன்படாது; அளக்க ஒன்றுமில்லாத இடத்தில் இவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண். ஓடுகிற, ஆனால் வரலாறு தெரியாத என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு, கட்டும் வேலையை நேரில் நின்று பார்க்க முடியுமானால், தயங்காமல் பரிந்துரைப்பேன். என்னிடம் அதே காலத்துப் பின் ஆக்சில் ஒன்று மீதமிருக்கிறது. அதையும் இவர்களிடமே கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன்.

என்ஜினை வாங்கியவர் இரண்டு மாதம் கழித்து ஹெட்டைக் கழற்றினார். நடு சிலிண்டர்கள் இரண்டிலும் விரிசல் இல்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் கடுகளவு இடம் கருகி, அதன் நேர் எதிரே சீட் சற்று அரித்திருந்தது. நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கும் கடினமான சீட் வளையங்களைப் பதித்துவிட்டு, பழைய வால்வை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்து எடுத்த படத்தைப் பட்டறைக்கும் எனக்கும் அனுப்பியிருந்தார். பரிசோதகர் அந்தப் படத்தை 19 சதவீதம் என்று எழுதிய அதே பக்கத்தில் இணைத்து, அறிக்கையை மறுபடியும் எனக்கு அனுப்பிவைத்தார்.